ஹீட் பம்பா, கேஸ் பாய்லரா: லண்டன் வீட்டுக்கு ஓராண்டு ஓட்டுச் செலவுக் கணக்கு

#1 கணக்குப்பிள்ளை

குளிர் தொடங்கினால் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தருகிற இயந்திரம், போட்டால் பில் ஏறுமா, இறங்குமா? ஏறியது என்று பாதிப் பேர், இறங்கியது என்று பாதிப் பேர். யாரும் பொய் சொல்லவில்லை. பொருத்திய விதம் வேறு, பில்லும் வேறு. இந்த இழையில் எண்ணை வைத்து மட்டும் பேசுவோம். வாங்குகிற செலவு இங்கே வேண்டாம், ஓட்டுகிற செலவு போதும்.

விலைக்குப் பிரிட்டனின் எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த உச்சவரம்பை எடுத்துக்கொள்கிறேன்: 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, டைரக்ட் டெபிட், பிரிட்டன் சராசரி. மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், கேஸ் 6.29 பென்ஸ். தினசரி நிலைக்கட்டணம் மின்சாரத்துக்கு 53.68 பென்ஸ், கேஸுக்கு 34.03 பென்ஸ். யூனிட் என்றால் கிலோவாட் மணி, இரண்டுக்கும் ஒரே அளவு. ஆக ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப்போல 4.19 மடங்கு விலை. இந்த 4.19 தான் எல்லாச் சண்டைக்கும் மூலம்.

வீடு: மூன்று படுக்கையறை செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. பாய்லர் ஆண்டுக்கு 12,000 யூனிட் கேஸ் எரிக்கிறது, வெந்நீரும் சேர்த்து. நிஜத் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் வீட்டுக்குள் வந்த வெப்பம் 10,200 யூனிட். கேஸ் செலவு 755 பவுண்ட். நிலைக்கட்டணம் 124. மொத்தம் 879.

அதே 10,200 யூனிட் வெப்பத்தை ஹீட் பம்ப் கொடுக்க வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் வருகிறது என்ற ஆண்டுச் சராசரி மடங்கு, அதாவது எஸ்காப் (SCOP), 2.8 என்றால் 960 பவுண்ட். 3.0 என்றால் 896. 3.5 என்றால் 768. 4.0 என்றால் 672. 4.5 கிடைத்தால் 597.

கேஸ் மீட்டர் வீட்டிலேயே இருந்தால் சமநிலை எஸ்காப், அதாவது இரண்டு செலவும் ஒன்றாகிற இடம், 3.56. மீட்டரையும் எடுத்துவிட்டால் 3.06. உங்கள் வீட்டுக்குப் போட: மின்சார விலையைக் கேஸ் விலையால் வகுத்து, பாய்லர் திறனால் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

#2 மார்கழிப்பனி

பாய்லர் மேல் ஒட்டிய லேபிளில் 94 சதவீதம் என்று இருக்கிறது. நீங்கள் 85 போடுகிறீர்கள். ஹீட் பம்ப் பக்கம் சாய்கிற கணக்கு மாதிரித் தெரிகிறதே? 92 போட்டால் என்ன வரும்?

#3 கணக்குப்பிள்ளை

92 போட்டால் சமநிலை 3.85. 80 போட்டால் 3.35. சாய்வு இருக்கிறதா என்று பார்க்கவேண்டியதுதான், சரியான கேள்வி. ஆனால் 92ஐ எட்ட பாய்லர் எப்படி ஓடவேண்டும் என்பதைத் தொழில் தெரிந்தவர் சொல்லட்டும்.

ஒன்று மட்டும்: ஐரோப்பியக் கேட்டலாக்கில் 98, 108 சதவீதம் என்று வரும். அது நிகர எரிமதிப்பை வைத்த கணக்கு, புகையோடு போகிற நீராவியின் வெப்பத்தைக் கழித்துவிட்டுச் சொல்வது. நம் பில் மொத்த எரிமதிப்பில் வருகிறது. அந்த எண்ணை 0.9 ஆல் பெருக்கினால் நம் கணக்குக்கு வந்துவிடும்.

மீட்டரிலிருந்து நேரே போடுகிறவர்கள்: கன மீட்டர் × 1.02264 × எரிமதிப்பு ÷ 3.6. எரிமதிப்பு பில்லில் அச்சிட்டிருக்கும், 39 சொச்சம். ஒரு கன மீட்டர் சுமார் 11.1 யூனிட். பழைய மீட்டர் நூறு கன அடியில் ஓடும், அதை முதலில் 2.83 ஆல் பெருக்கவேண்டும். அடி மீட்டரை மீட்டர் மீட்டராகப் பதிந்துவிட்டால் பில் மூன்றில் ஒரு பங்கு மாதிரி வரும். சந்தோஷப்படாதீர்கள், பிறகு மொத்தமாகக் கேட்பார்கள்.

#4 செப்புக்குழாய்

மார்கழி, லேபிளில இருக்கிற எண் சோதனைக்கூடத்து எண். கண்டென்சிங் பொயிலர் எண்டால் புகையில இருக்கிற நீராவி உள்ளேயே தண்ணியாகி அந்தச் சூட்டைத் திருப்பித் தரவேணும். அதுக்குத் திரும்பி வாற தண்ணி 54, 55 பாகைக்குக் கீழ இருக்கவேணும். இங்க பெரும்பாலான கொம்பி பொயிலரை, அதாவது தாங்கி இல்லாமல் வெந்நீரும் வீட்டுச் சூடும் தாறதை, பூட்டேக்க 70, 75இல வச்சுவிட்டுப் போயிடுவினம். அனுப்புறது 75, திரும்புறது 60க்கு மேல. அப்ப கண்டென்ஸ் ஆகிறது எங்க?

வெளியில போற வெள்ளை பிளாஸ்டிக் குழாயைப் பாருங்கோ. நல்லா ஓடுற பொயிலர் எண்டால் அதால தண்ணி ஒழுங்காச் சொட்டும். மணித்தியாலம் ஓடியும் காய்ஞ்சு கிடந்தால் உங்கட 94 காகிதத்தில மட்டும்தான்.

இன்னும் ரெண்டு இடத்தில காஸ் வீணாகுது. ஒண்டு, 30 கிலோவாட் கொம்பி 5 கிலோவாட் வீட்டில. வெந்நீருக்கு 30 வேணும், சரி. வீடு சூடாக்கிறதுக்கு மெனுவுக்குள்ள போய் 10க்குக் குறைச்சுவிடலாம், ஒருத்தரும் செய்யிறேல்லை. மூண்டு நிமிஷம் எரியும், நிக்கும், திரும்ப எரியும். மற்றது "ப்ரீஹீற்". குழாயைத் திறந்த உடன சுடுதண்ணி வரவேணும் எண்டு நாள் முழுக்க உள்ளுக்க சூடாக்கி வச்சிருக்கும். அதை நிப்பாட்டுங்கோ.

பொயிலரை வச்சிருக்கிறதெண்டாலும் அனுப்புற சூட்டை 55, 60க்கு இறக்குங்கோ. காசு செலவில்லாத வேலை. தனியாச் சிலிண்டர் இருக்கிற வீட்டில மட்டும் கவனம்: சிலிண்டர் 60க்குக் குறையக்கூடாது, லெஜியனெல்லா கிருமி பிடிக்கும். அங்க 65க்குக் கீழ போகாதீங்கோ.

#5 பழைய_பாய்லர்

எல்லாம் சரி. ஆனால் எஸ்காப் 3.5, 4 என்று எழுதுவது சுலபம். அரசாங்கமே 742 வீடுகளில் போட்டு அளந்தது, எலெக்ட்ரிஃபிகேஷன் ஆஃப் ஹீட் திட்டம். காற்று மூல ஹீட் பம்புகளின் நடுமதிப்பு 2.80. உங்கள் அட்டவணையிலேயே அது 960 பவுண்ட். கேஸ் 755. அப்படியானால் பாதி வீடுகளுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டுக்கு மேல் நஷ்டம். மீட்டரை எடுத்தாலும் 81 நஷ்டம். இதை ஏன் முதல் பதிவில் தடித்த எழுத்தில் போடவில்லை?

#6 கணக்குப்பிள்ளை

போட்டிருக்கலாம். 2.80 உண்மையான எண், அதை நான் மறுக்கவில்லை. உச்சவரம்பு விலையில் 2.8 எஸ்காப் ஓட்டினால் கேஸைவிடக் கூடத்தான் கட்டுவீர்கள். அதை மறைத்து ஹீட் பம்ப் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

ஆனால் அது நடுமதிப்பு. அதே திட்டத்தில் ஒரே மாதிரி வீடுகளில் 2க்குப் பக்கத்திலும் வந்திருக்கிறது, 3.5க்கு மேலும் வந்திருக்கிறது. குளிர் ஒன்று, இயந்திரமும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரின் சூட்டில். அதை ஒரு பாகை குறைத்தால் மின்சாரம் சுமார் 2.5 சதவீதம் குறையும். 55இல் ஓடுகிறதை 45இல் ஓட்டினால் கால்வாசி மிச்சம். 2.8க்கும் 3.6க்கும் நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய அதுதான்.

எனவே கொட்டேஷனில் முதலில் தேடவேண்டிய எண், எந்தப் பிராண்ட், எத்தனை ஆண்டு வாரண்டி என்பதெல்லாம் பிறகு: வெளியே மைனஸ் 2 இருக்கும்போது அனுப்பு வெப்பம், அதாவது ரேடியேட்டருக்கு அனுப்புகிற தண்ணீரின் சூடு, எத்தனை? 55 என்று எழுதியிருந்தால் அந்த வேலை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம்.

#7 செப்புக்குழாய்

அந்த 45 எப்பிடி வரும் எண்டதை விரிவாச் சொல்லிறன், நீளமாத்தான் போகும்.

ரேடியேற்றர். கடையில எழுதியிருக்கிற வாட், தண்ணிக்கும் அறைக்கும் 50 பாகை இடைவெளி எண்ட கணக்கு. 45இல அனுப்பி 40இல திரும்பினால் சராசரி 42.5, அறை 20, இடைவெளி 22.5. அப்ப கிடைக்கிறது எழுதியிருக்கிறதில 35 வீதம்தான். ஒரு படுக்கையறைக்கு மைனஸ் 2இல 900 வாட் வேணும் எண்டு வையுங்கோ. 600 உயரம் 1000 நீளம் ஒற்றைத் தட்டு, கே1, கடைக்கணக்கில ஏறத்தாழ 1000 வாட்: 45இல 350தான் தரும். அதே அளவு ரெட்டைத் தட்டு, கே2, 1740 எண்டு போட்டிருக்கும்: 616 தரும். மூண்டு தட்டு, கே3, 2450: 867 தரும். கே2வை 1400 நீளத்தில போட்டாலும் அதே அளவு வந்திடும். கே2 1000ஐயே வச்சுக்கொண்டு 900 வாட் எடுக்கவேணும் எண்டால் அனுப்பு 52, 53க்கு ஏறவேணும்.

இதில விளங்கவேண்டியது என்னெண்டால், வீடு முழுக்க அனுப்புச் சூட்டைத் தீர்மானிக்கிறது ஆகச் சின்ன ரேடியேற்றர் இருக்கிற அறைதான். ஒன்பது ரேடியேற்றரில ரெண்டு மோசம் எண்டால் அந்த ரெண்டை மாத்தினால் போதும். ஒன்பதையும் மாத்தவேணும் எண்டு சொல்லுறவரிட்ட அறை அறையா இழப்புக் கணக்கைக் கேளுங்கோ. ஒண்டையும் மாத்தத் தேவையில்லை எண்டு சொல்லுறவரிட்டயும் அதையே கேளுங்கோ. கே1க்குப் பதில் கே3 போடேக்க சுவரிலிருந்து 60, 65 மில்லிமீற்றர் இருந்த ஆழம் 155க்கு வரும், வால்வு வாற குழாயும் முன்னுக்கு நகரவேணும். தரைப்பலகை திறக்கிற வேலை அங்கதான் வரும்.

குழாய். பொயிலர் 20 பாகை வித்தியாசத்தில தண்ணி சுத்தும், ஹீற் பம்ப் 5 பாகையில. அதே சூட்டைக் கொண்டுபோக நாலு மடங்கு தண்ணி ஓடவேணும். 5 பாகையில செப்புக்குழாய் தாங்கிற அளவு, வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் எண்டால்: 15 மில்லி 3 கிலோவாட், 22 மில்லி 6.5, 28 மில்லி 11. அப்ப 5 கிலோவாட் வீட்டுக்கு 22 காணும். 9 கிலோவாட்டுக்கு வெளி யூனிற்றிலிருந்து முதல் பிரிவு வரை 28 போடவேணும். எழுபது எண்பதுகளில கட்டின வீட்டில 8, 10 மில்லி மைக்ரோபோர் இருக்கும். 10 மில்லி, ஓட்டம் கிட்ட எண்டால், ஒரு ரேடியேற்றருக்கு ஒரு கிலோவாட் இழுக்கும். 8 எண்டால் மாத்துறது நல்லம்.

ஒரு கிலோவாட்டுக்கு நிமிஷத்துக்கு 2.9 லீற்றர். 5 கிலோவாட்டுக்குப் பதினாலரை. கொன்ற்றோலரில ஓட்டம் காட்டும், பூட்டி முடிஞ்ச அண்டைக்கே எழுதி வையுங்கோ. ஆறு மாசத்தில பதினாலரை பதினொண்டாயிட்டுது எண்டால் மக்னற்றிக் ஃபில்ற்றர் பழைய ரேடியேற்றர்க் கறுப்புச் சேறால அடைச்சிருக்கும்.

பஃபர் தாங்கி, அதாவது ஹீற் பம்புக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில வைக்கிற தண்ணித் தாங்கி. இதுதான் கன வீட்டில எஸ்காப்பைத் தின்னுது. ரெண்டு பக்கமும் பம்ப் வச்சு நடுவில நாலு குழாய்த் தாங்கி. ஹீற் பம்ப் பக்கம் ஓட்டம் குறைய, ரேடியேற்றர் பக்கம் கூட எண்டால் திரும்பி வந்த ஆறின தண்ணி உள்ளுக்க கலந்து திரும்பப் போகும். கிளிப் தெர்மாமீற்றர் ரெண்டு வாங்கித் தாங்கிக்கு முன்னால ஒண்டு, பின்னால ஒண்டு மாட்டுங்கோ. முன்னால 45, பின்னால 41 எண்டால் நாலு பாகை நட்டம். பத்து வீதம். 768 பவுண்ஸ் பில்லில 77. ஒவ்வொரு வருஷமும். சின்ன வீட்டுக்கு, எல்லா ரேடியேற்றரும் திறந்திருந்தால், பஃபரே தேவையில்லை. டிஃப்ரொஸ்ற்றுக்கு, அதாவது வெளித் தகட்டில பிடிச்ச பனியை உருக்கிறதுக்கு, தண்ணி அளவு காணாதெண்டால் திரும்பிற குழாயில ரெண்டு குழாய்த் தாங்கியா, ஒரு 30, 50 லீற்றர் வச்சால் கலப்பு வராது.

#8 மார்கழிப்பனி

அண்ணா, தண்ணீர் உறையாமலிருக்கக் கிளைக்கோல் என்ற திரவம் கலக்கிறார்கள் என்று கேள்வி. அதுவும் எஸ்காப்பைக் குறைக்குமா?

#9 செப்புக்குழாய்

குறைக்கும். தண்ணி தடிக்கும், சூடும் குறையத்தான் கொண்டுபோகும், பம்பும் கூட உழைக்கும். முழுக்க ஒரே பெட்டியா இருக்கிற மொனோபிளொக் ஹீற் பம்ப் வெளியில நிக்கிறபடியால் கரண்ட் இல்லாட்டி உறைஞ்சிடும் எண்ட பயத்தில ஊத்துறவை. அதுக்குப் பதில் ஆன்ரிஃப்றீஸ் வால்வு ரெண்டு, அனுப்பு ஒண்டு திரும்பு ஒண்டு. 3 பாகைக்கு வந்தால் தானாத் திறந்து தண்ணியை வெளியில விடும். வால்வு போட்ட சிஸ்ரத்தில கிளைக்கோல் ஊத்தக்கூடாது, திறந்தால் முழுக்க மண்ணில. வால்வுக்கு மேல லாகிங் சுத்தி மூடவும் கூடாது.

#10 கணக்குப்பிள்ளை

அளவு பற்றி ஒரு வார்த்தை. பெரிதாகப் போட்டால் பாதுகாப்பு என்று நினைத்து 12 கிலோவாட் போடுகிறார்கள். பாய்லரில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டு இழப்பு மைனஸ் 2இல் 5 கிலோவாட் என்றால் ஒரு பாகைக்கு 0.23 கிலோவாட். வெளியே 10 பாகை இருக்கிற நாளில் தேவை 2.3, அடுப்பும் ஆட்களும் டிவியும் தருகிற சூட்டைக் கழித்தால் ஒன்றரைக்குக் கிட்ட. லண்டன் குளிர்காலத்தில் இப்படிப்பட்ட நாட்களும் நிறைய. 12 கிலோவாட் இயந்திரம் 4, 5க்குக் கீழே இறங்காது. ஓடும், நிற்கும், ஓடும். ஒவ்வொரு தொடக்கத்திலும் கொஞ்சம் வீண்.

உங்கள் வீட்டு அளவைத் தோராயமாகச் சரிபார்க்க: ஆண்டுக் கேஸ் யூனிட்டை 2,900 ஆல் வகுங்கள். 12,000க்கு 4.1 கிலோவாட் வருகிறது. விற்பனையாளர் 11 என்றால் காரணம் கேளுங்கள். இது வீட்டை ஒழுங்காகச் சூடாக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள்.

#11 ஈஸ்ட்ஹாம்_வாசகி

> வீட்டை ஒழுங்காகச் சூடாக்கி வைத்திருந்தவர்களுக்கு

இந்த ஒரு வரியை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள், நம் வீடுகளில் அதுதான் முக்கியம். காலை ஒரு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் ஹீட்டிங், மற்ற நேரம் ஸ்வெட்டர். கேஸ் 7,000 யூனிட்தான். இந்த வீட்டில் ஹீட் பம்ப் போட்டு நாள் முழுக்க மெல்ல ஓட்டினால், வெப்பத் தேவையே ஏறும். வெளியே சராசரி 7 பாகை, உள்ளே நாள் சராசரி 17 என்றால் இடைவெளி 10. உள்ளே சராசரி 18.5 ஆனால் இடைவெளி 11.5. இழப்பு 15 சதவீதம் கூடிவிட்டது. எஸ்காப் 3.5 இருந்தும் பில் ஏறுகிற வீடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. ஏறிய காசுக்கு வீடு சூடாக இருக்கிறது, சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை வருவதில்லை, உள்ளே காயப்போட்ட துணி காய்கிறது. அது வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் கணக்கு. ஆனால் "மிச்சமாகும்" என்று சொல்லி விற்றால் தவறு.

ஹீட் பம்பைக் காலை மாலை மட்டும் ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஆறிப்போன வீட்டை இரண்டு மணி நேரத்தில் ஏற்ற 55 பாகைத் தண்ணீர் வேண்டும், அதோடு உள்ளே இருக்கிற பேக்கப் ஹீட்டரும் எரியத் தொடங்கும். அது ஒன்றுக்கு ஒன்று, வெறும் கெட்டில் மாதிரி. இரவில் ஒன்றிரண்டு பாகை இறக்கினால் போதும்.

#12 பழைய_பாய்லர்

இது நேர்மையான பதிவு. நன்றி.

வெந்நீருக்கு வாருங்கள். காம்பி வைத்திருந்த வீட்டில் இப்போது 200 லிட்டர் சிலிண்டர் வைக்க அலமாரியைக் காலி செய்யவேண்டும். அதில் மிச்சம் உண்டா?

#13 கணக்குப்பிள்ளை

பெரிய மிச்சம் இல்லை. 200 லிட்டரை 15இலிருந்து 48க்கு ஏற்ற 7.7 யூனிட் வெப்பம். மடங்கு 3 என்றால் 2.6 யூனிட் மின்சாரம், 67 பென்ஸ். காம்பியில் வெந்நீருக்குத் திறன் 78 என்று வைத்தால் 62 பென்ஸ். சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். இம்மர்ஷன் ஹீட்டரில், அதாவது சிலிண்டருக்குள் இருக்கிற மின்கம்பியில், போட்டால் 2 பவுண்ட். ஆகவே இம்மர்ஷன் தவறுதலாக ஓடாமல் பார்ப்பதுதான் வேலை. சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

லெஜியனெல்லா கிருமிக்காக வாரம் ஒருமுறை 60க்கு ஏற்றுவதற்கு 48க்கு மேல் 2.8 யூனிட், இம்மர்ஷனில் 73 பென்ஸ், ஆண்டுக்கு 38 பவுண்ட். ஆர்290, அதாவது புரொபேன் நிரப்பிய இயந்திரங்கள் கம்ப்ரஸராலேயே 60க்குப் போகும், அதில் பாதிக்கும் கீழே. சிலிண்டர் வாங்கும்போது சுருள் பரப்பு 3 சதுர மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பாய்லருக்கான பழைய சிலிண்டரில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கும். சூடு தண்ணீருக்குள் இறங்காமல் இயந்திரம் 55, 60க்கு ஏறி நிற்கும்.

#14 ஈஸ்ட்ஹாம்_வாசகி

எல்லாரும் 26.35 பென்ஸிலேயே நிற்கிறீர்கள். ஹீட் பம்ப் வைத்திருக்கிறவர் உச்சவரம்பு விலையில் இருக்கக்கூடாது.

ஆக்டோபஸ் என்ற மின் நிறுவனத்தின் கோஸி கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலை 4 முதல் 7, பகல் 1 முதல் 4, இரவு 10 முதல் 12 வரை மலிவு, சாதாரண விலையில் ஏறத்தாழ பாதி. மாலை 4 முதல் 7 வரை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எதையும் மாற்றாமல் 24 மணி நேரமும் ஒரே அளவு ஓட்டினாலே சராசரி சாதாரண விலையில் 0.9 வரும். 45 சதவீதம் மலிவு நேரத்திலும் 10 சதவீதம் மட்டும் மாலை உச்சத்திலும் விழுந்தால் 0.825. சாதாரண விலை 26.35 என்று வைத்தால் 21.7 பென்ஸ். எஸ்காப் 3.5க்கு 633 பவுண்ட். 2.8க்கே 792, மீட்டர் எடுத்த வீட்டில் கேஸை வென்றாகிவிட்டது.

செய்யவேண்டியது: வெந்நீரைப் பகல் 1 மணிக்கு வையுங்கள். மலிவு நேரம், அன்றைய நாளின் சூடான நேரமும் அதுவே, மடங்கும் நன்றாக வரும். 3 மணியிலிருந்து அறை இலக்கை ஒரு பாகை ஏற்றுங்கள், 4க்கு இரண்டு பாகை இறக்குங்கள். செங்கல் வீடு மூன்று மணி நேரம் தாங்கும். மரச்சட்ட வீடு தாங்காது, 5.30க்கே கை சில்லிடும். மலிவு நேரத்தில் அளவுக்கு மேல் ஏற்றினால் அனுப்பு வெப்பம் ஏறி மடங்கு விழும், மலிவில் பிடித்ததை அங்கே விட்டுவிடுவீர்கள். ஒரு பாகைக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று: மாலை 4 முதல் 7 தான் நம் வீடுகளில் சமையல். மின் அடுப்புக்கு மாறியவர்கள் அந்த ஒன்றரை மடங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#15 கணக்குப்பிள்ளை

நல்ல கணக்கு. வரி விஷயமும் சேர்க்கிறேன். மின்சார விலை இவ்வளவு இருப்பதற்கு ஒரு காரணம், பழைய புதுப்பிக்கத்தக்க மின்திட்டச் செலவுகள் கேஸ் பில்லைவிட மின்சாரப் பில்லில் அதிகம் ஏற்றப்பட்டிருப்பது. 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில், ரினியூவபிள்ஸ் ஆப்ளிகேஷன் என்ற அந்தச் சுமையில் வீடுகளின் பங்கில் 75 சதவீதத்தை 2026 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுக்கு அரசாங்கக் கணக்குக்கு மாற்றுவதாக அறிவித்திருக்கிறார்கள். மின்சாரம் ஒரு பென்ஸ் இறங்கினால் சமநிலை எஸ்காப் 0.135 இறங்கும். மூன்று பென்ஸ் இறங்கினால் 3.56 என்பது 3.16 ஆகிவிடும். மூன்று ஆண்டுக்குப் பிறகு என்ன என்பதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

#16 ஸ்கார்பரோ_தம்பி

டொரன்டோவிலிருந்து. எங்கள் பக்கம் ரேடியேட்டர் கிடையாது, ஃபர்னஸும் காற்றுக் குழாயும். அதனால் ஃபர்னஸை வைத்துக்கொண்டே ஏசி இருந்த இடத்தில் ஹீட் பம்ப் போட்டு, குளிர் கூடினால் கேஸுக்கு மாறுகிற ஹைப்ரிட்தான் வழக்கம். கேள்வி, எந்தப் பாகையில் மாற்றுவது என்பதுதான்.

ஒரு கன மீட்டர் கேஸ், 95 சதவீத ஃபர்னஸில் சுமார் 10 யூனிட் வெப்பம். விநியோகக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டர் 40 சென்ட், மின்சாரம் 14 சென்ட் என்று வைத்தால் சமநிலை மடங்கு 3.5. வெளியே 5 பாகைக்கு மேல் ஹீட் பம்ப், கீழே கேஸ் என்று வரும். நுகர்வோர் கார்பன் கட்டணம், கன மீட்டருக்கு 15.25 சென்ட், 2025 ஏப்ரல் 1இல் நீக்கப்பட்டபோது இந்தச் சமநிலை ஒரே இரவில் கேஸ் பக்கம் சாய்ந்தது. பழைய மாற்றுப் பாகையை அப்படியே விட்டிருக்கிறவர்கள் தெர்மோஸ்டாட்டைத் திறந்து பாருங்கள். அல்ட்ரா லோ ஓவர்நைட் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் உச்சநேர விலையில் பத்தில் ஒரு பங்கு. அவர்கள் இரவுக்கு ஒரு பாகையும் பகலுக்கு ஒரு பாகையும் தனித்தனியாக வைக்கவேண்டும். எல்லாத் தெர்மோஸ்டாட்டும் அதைச் செய்யாது.

#17 மார்கழிப்பனி

இங்கிலாந்து ஈரக்குளிருக்கு டிஃப்ராஸ்ட் அதிகம் என்கிறார்களே, அதில் எவ்வளவு போகும்? அப்புறம், எங்கள் வீட்டு ரேடியேட்டர்கள் காணுமா என்று யாரையும் கூப்பிடாமல் பார்க்க வழி உண்டா?

#18 செப்புக்குழாய்

டிஃப்ரொஸ்ற் ஆகக் கூட வாறது மைனஸிலை இல்லை, பூச்சியத்துக்கும் 5க்கும் இடையில, பனிப்புகார் நாளில. பின்பக்க அலுமினியத் தகட்டில வெள்ளையாப் பூ மாதிரிப் பிடிக்கும். பிறகு விசிறி நிக்கும், "உஸ்" எண்டு ஒரு சத்தம், வால்வு திரும்பும், வீட்டுத் தண்ணியிலிருந்து சூட்டை எடுத்துத் தகட்டுக்கு விடும். ஆவி குபுகுபுவெண்டு எழும்பும். பக்கத்து வீட்டுக்காரர் நெருப்பெண்டு ஓடி வருவினம், முதலே சொல்லி வையுங்கோ. மூண்டு, நாலு நிமிஷம். கொன்ற்றோலரில தண்ணி 40இலிருந்து 28க்கு விழுறதைப் பார்த்துப் பயப்பிடாதீங்கோ, திரும்பி ஏறும். அளந்த எஸ்காப்பில இந்த நட்டமெல்லாம் ஏற்கனவே கழிஞ்சுதான் வருது. ஆனால் மணித்தியாலத்துக்கு மூண்டு தரம் வந்தால் காற்று சுத்த இடம் காணாது, இல்லாட்டி வாயு குறைஞ்சிட்டுது. உருகின தண்ணி லீற்றர் கணக்கில ஓடும். அதுக்குக் கீழ சரளைக்கல் குழி வேணும். நடைபாதைப் பக்கம் விட்டால் விடிய கண்ணாடி மாதிரி ஐஸ்.

உங்கட ரெண்டாவது கேள்விக்கு: ஜனவரியில வெளியில 2 பாகைக்குக் கீழ வாற ஒரு கிழமை பாருங்கோ. பொயிலரில ஹீற்றிங் சூட்டை 50க்கு இறக்குங்கோ. கொம்பியில வெந்நீருக்குத் தனிக் குமிழ் இருக்கும், அதைத் தொடாதீங்கோ. ரேடியேற்றர் வால்வெல்லாம் முழுக்கத் திறவுங்கோ, தெர்மோஸ்ரற்றை 20இல வச்சு ரெண்டு நாள் இராப்பகலா ஓட விடுங்கோ. ஒவ்வொரு அறையிலயும் ஒரு தெர்மாமீற்றர். எல்லா அறையும் 20 பிடிச்சால் உங்கட வீடு 50க்கு ரெடி. 17இல நிக்கிற அறை எது எண்டு எழுதுங்கோ. மாத்தவேண்டிய ரேடியேற்றர் அதுதான். 45இலயும் செய்து பாருங்கோ, சில பொயிலர் அவ்வளவு கீழ விடாது.

பூட்டின பிறகு செய்யிறதும் இதே மாதிரித்தான். வெளிச்சூட்டுக்கு ஏத்த வளைகோடு, மைனஸ் 2இல 45, 15இல 28 எண்டு தொடங்குங்கோ. அறை வால்வெல்லாம் திறந்தபடி, ரெண்டு நாளுக்கு ஒரு பாகை இறக்குங்கோ. ஆர் முதலில குளிருது எண்டு சொல்லுகினமோ அங்க நிப்பாட்டி ஒரு பாகை ஏத்துங்கோ. அறைக்கு அறை ஸ்மார்ட் வால்வு பூட்டி மூடி மூடித் திறக்கிறது காஸுக்குச் சரி. ஹீற் பம்பில அரைவாசி ரேடியேற்றரை மூடினால் மிச்சம் உள்ளதுக்குச் சூடு கூடத்தான் அனுப்பவேணும்.

#19 பழைய_பாய்லர்

என் கடைசிக் கேள்வி. 3.06 என்ற சமநிலை கேஸ் மீட்டர் போனால்தான். அடுப்புக்குக் கேஸ் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். அப்போது?

#20 கணக்குப்பிள்ளை

அப்போது ஆண்டுக்கு 124 பவுண்ட் அடுப்புக்கு மட்டும் நிலைக்கட்டணம். சமையலுக்கு எரிவது சில நூறு யூனிட், 20, 30 பவுண்ட் பெறும். கட்டணம் எரிபொருளைவிட நாலைந்து மடங்கு. ஹீட் பம்ப் போட்டும் அந்த அடுப்பை வைத்திருப்பது மிக விலையுயர்ந்த சமையல்.

மீட்டரை எடுக்கும் முறை: கேஸ் வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் பாய்லரையும் அடுப்பையும் துண்டித்து மூடிக்கொடுக்கவேண்டும். பிறகு சப்ளையரிடம் மீட்டரை எடுக்கச் சொல்லுங்கள். காசு கேட்கிறார்களா என்று முன்பே விசாரியுங்கள். அன்றைய ரீடிங்கைப் படமெடுத்து வையுங்கள். மீட்டர் போனது வேறு, கணக்கை மூடியது வேறு. கணக்கு மூடாவிட்டால் நிலைக்கட்டணம் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். இறுதி பில் கைக்கு வரும்வரை டைரக்ட் டெபிட்டை நிறுத்தாதீர்கள்.

#21 ஈஸ்ட்ஹாம்_வாசகி

பிடிவாதத்துக்குக் காரணம் பாத்திரம் என்றால்: அடியில் ஃபிரிட்ஜ் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். இரும்புத் தோசைக்கல் பிடிக்கும், இண்டக்ஷனில் நன்றாக வரும். அடி தட்டையாக இருக்கவேண்டும், நடுவில் குழிந்த பழைய கல் சூடு பிடிக்காது. அலுமினிய இட்லிப்பானையும் மண்சட்டியும் வேலை செய்யாது. புட்டு, இடியப்பத்துக்கு காந்தம் பிடிக்கிற, அடிகனமான எவர்சில்வர்ப் பானை ஒன்று வாங்கிவிட்டால் போதும். கடாய்க்கும் அடி தட்டையாக இருக்கவேண்டும்.

#22 பழைய_பாய்லர்

காந்தம் ஒட்டிப் பார்த்தாகிவிட்டது. ஏழில் நான்கு பிடிக்கிறது. ஜனவரியில் 50 பாகைச் சோதனையும் போட்டுவிட்டு அறை அறையாக எண்ணோடு வருகிறேன்.